பரிசேயர்களைப் பற்றி நான் நடத்திய வகுப்பு

மொன்றியலுக்கு வந்த முதல் வருடங்களில் நான் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினேன். காலை ஏழு மணிக்குக் கையுறையைப் போட்டால் மாலை நாலு மணிவரை என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எந்தப் பெட்டி எந்தத் தட்டுக்குப் போகவேண்டும் என்று விரலால் காட்டுவார்கள், அவ்வளவுதான். ஊரில் பதினெட்டு வருடம் மிஷன் பாடசாலையில் ஆங்கிலமும் வேதபாடமும் படிப்பித்தவன் நான்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மட்டும் நான் மறுபடியும் மாஸ்டர் ஆனேன். கோட்-தே-நேஜ் பக்கத்தில் ஒரு பழைய ஆங்கிலத் தேவாலயம் தன் பேஸ்மென்றை எங்கள் சிறிய தமிழ்ச் சபைக்குத் தந்திருந்தது. எங்களுக்கென்று போதகர் இல்லை. ஞாயிறு ஆராதனையை அந்தத் தேவாலயத்துப் போதகரே ஆங்கிலத்தில் நடத்துவார், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவேன். சனிக்கிழமை வேதவகுப்பு மட்டும் முழுக்க முழுக்க என்னுடையது. கதிரைகளை நானே விரித்துப் போடுவேன். இருபது கதிரை போட்டால் பதினாறு, பதினேழு நிரம்பும். முன்வரிசையில் இடப்பக்கத்து மூலையில் என் மனைவி இருப்பாள். வகுப்பு முடிந்து பஸ்ஸில் போகும்போது, “இண்டைக்கு நல்லாயிருந்தது” என்பாள். சில நாள், “கடைசிப் பகுதி நீண்டுபோச்சு” என்பாள். அந்த ஒரு வசனத்துக்காக நான் கிழமை முழுவதும் குறிப்பெழுதினேன் என்று சொன்னால் அது மிகையல்ல.

நான் சொல்லப்போகும் அந்த மாரிகாலத்தில், இயேசுவின் ஆரம்ப ஊழியத்தில் அவருக்கு எழுந்த எதிர்ப்பைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கலிலேயாவில் அவர் பேசத் தொடங்கிய சில மாதங்களுக்குள்ளேயே ஐந்து வாக்குவாதங்கள் வருகின்றன. கைகால் வழங்காத திமிர்வாதக்காரனுக்குப் பாவம் மன்னித்தது ஏன்? சனம் வெறுத்த வரி வசூலிப்பவர்களான ஆயக்காரரோடு இருந்து சாப்பிட்டது ஏன்? உம்முடைய ஆட்கள் ஏன் உபவாசம் இருப்பதில்லை? வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் கதிர் கொய்தது ஏன்? ஓய்வுநாளில் சூம்பின கையைக் குணமாக்கலாமா? கேட்டவர்கள், சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பரிசேயரும் வேதத்தைக் கற்பித்த வேதபாரகரும். ஒவ்வொரு வாக்குவாதத்துக்கும் ஒரு சனிக்கிழமை என்று திட்டமிட்டு, அட்டவணை போட்டு, எல்லாருக்கும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்திருந்தேன். பரிசேயர் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, ‘வெளிவேஷம்’ என்று எழுதியிருந்தேன்.

முதற் பாடத்தன்று ஒரு புதியவன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மன்னார்ப் பக்கம் ஓடிய தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். சண்டையால் பஸ் நின்று, அகதி முகாமில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு கனடா வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. கையெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. கடைசி வரிசையில் ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்தான்.

திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய கதையை வாசித்துவிட்டு நான் கேட்டேன்: “வேதபாரகர் ஏன் மனதுக்குள் குறைப்பட்டார்கள்?”

நான் எதிர்பார்த்த மறுமொழி, பாவம் மன்னிக்கக் கடவுளுக்கு மட்டுமே அதிகாரம் என்பது. யாராவது அதைச் சொல்லுவார்கள், நான் அங்கிருந்து தொடர்வேன்.

கொண்டக்டர் கையை உயர்த்தினான். “மாஸ்டர், நான் ஒண்டு கேக்கலாமோ? வாசல் மட்டும் சனம் நிறைஞ்சு, உள்ளுக்கு வர வழியில்லாமல்தானே கூரையைப் பிரிச்சவை. ஆனா வேதபாரகர் உள்ளுக்கு இருந்தவை எண்டு கிடக்குது. நிண்டவை எண்டில்லை, இருந்தவை. அந்த நெரிசலுக்கை இருக்க இடம் கிடைக்கிறதெண்டால் வேளைக்கே வந்து சீற் பிடிச்சிருக்கினம். பஸ்ஸிலையும் அப்பிடித்தான் மாஸ்டர். முன் சீற்றிலை இருந்து வாறவைதான் கூடக் குறை சொல்லுறவை.”

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“அது அவ்வளவு முக்கியமான விஷயமில்லை” என்று சொல்லிவிட்டு நான் பாடத்துக்குப் போனேன். ஆனால் பதினெட்டு வருடம் அந்தக் கதையைப் படிப்பித்தவன், அவர்கள் இருந்தார்களா நின்றார்களா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று பஸ்ஸில் மனைவி பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அந்தத் தம்பி நல்லாக் கதைக்கிறார், என்ன?” என்றாள்.

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முதல் நாள் எனக்குக் கடுமையான காய்ச்சல். வகுப்பை நிறுத்திவிடலாம் என்றேன். மனைவி, “சனம் பஸ் ஏறி வந்து ஏமாந்து போகும். நான் போய் அந்தத் தம்பியைக் கொண்டு நடத்துவிக்கிறன்” என்றாள். என் குறிப்பைக் கொடுத்துவிட்டேன். அதை வாசித்துவிட்டு ஜெபம் பண்ணி அனுப்பிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

“என்ன நடந்தது?”

“ஆயக்காரன் வீட்டு விருந்தைப் பற்றித்தான். உங்கடை குறிப்பை வாசிக்கேல்லை. ஆரோடை இருந்து சாப்பிட உங்களுக்கு மனம் வராது எண்டு எல்லாரிட்டையும் கேட்டவர். ஒவ்வொருத்தரும் சொன்னவை.”

“நீரும் சொன்னீரோ?”

“ஓம்.”

என் வகுப்பில் அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. “என்ன சொன்னீர்?” என்றேன்.

“அதை அங்கை சொன்னனான்” என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

காய்ச்சலில் கிடந்துகொண்டு நான் அதையே யோசித்தேன். கலியாணம் கட்டி இருபது வருடம். எனக்குச் சொல்லாத ஒன்றை அந்த மண்டபத்தில் பதினாறு பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள், அதுவும் ஒரு கொண்டக்டர் கேட்டான் என்பதற்காக. வேறு யாராவது ஒரு படித்த போதகர் வந்து கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

நான் எழும்பி மறுபடியும் வகுப்புக்குப் போனபோது கதிரை போதவில்லை. கோட்-தே-நேஜிலிருந்த சைவக் குடும்பங்கள்கூட இரண்டு வந்திருந்தன. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வந்தவர்கள் கண் கடைசி வரிசையைத் தேடியதைத்தான் கண்டேன். நான் உபவாசத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். முடிந்ததும் ஒரு கிழவர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார்: “மாஸ்டர், அந்தத் தம்பி இண்டைக்குக் கதைக்கமாட்டாரோ?”

அவன் தானாகப் பேசவில்லை. ஆனால் வகுப்பு முடிந்தபிறகு, ஜக்கெற் போடும் இடத்தில், அவனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். கதிரைகளை மடித்துச் சுவரில் சாத்திக்கொண்டே நான் காதைக் கொடுத்தேன். அவன் சொன்னதில் பிழை பிடிக்க ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தேன். இரண்டு கிழமையில் ஏழு பிழை. கப்பர்நகூமுக்கும் நாசரேத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைத்துச் சொன்னது ஒன்று. ஆயக்காரன் பெயரை மாற்றிச் சொன்னது ஒன்று.

எங்கள் சபைக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது. தலைவர் ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். செயலாளர் நான். மற்ற மூன்று பேரும் நாங்கள் இருவரும் சொல்வதற்குத் தலையாட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை தபாலதிபரைப் புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிக்கு வரச்சொன்னேன். அவருடைய மகன் அந்தப் பக்கம் வீடு வாங்கியிருந்தான். கோப்பி வாங்கிக்கொண்டு இருந்தோம்.

“வகுப்பிலை கண்டவையும் படிப்பிக்கத் தொடங்கினா ஒழுங்கு கெட்டுப்போம்” என்றேன். “ஞாயிறு ஆராதனைக்கு வராத ஆள் படிப்பிக்கக் கூடாது எண்டு ஒரு விதி இருக்கவேணும்.”

“நீங்கள் ஆரைச் சொல்லுறியள் எண்டு விளங்குது” என்றார் அவர். “அவருக்கு ஞாயிறு வேலையெல்லோ. லீவு குடுக்கமாட்டாங்கள். பாவம்.”

“ஓய்வுநாள் ஓய்வுநாள்தான்” என்றேன்.

அன்று பின்னேரம் என் பாடம், ஓய்வுநாளில் சீஷர்கள் பசிக்குக் கதிர் கொய்து தின்றதும் பரிசேயர் அதைக் குற்றமாகப் பிடித்ததும். சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதரை மறந்தவர்கள் என்று பரிசேயரைக் கடுமையாகக் கண்டித்தேன். காலையில் கோப்பிக் கடையில் சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் வரவில்லைதான்.

பெப்ரவரியில் விதி நிறைவேறியது. கொண்டக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். மெட்ரோ வாசலில், கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

“வகுப்புக்கு நீர் வரலாம்” என்றேன். “கதைக்கிறதை மட்டும் நிப்பாட்டவேணும். குழுவின்ரை தீர்மானம்.”

“ஓம் மாஸ்டர்” என்றான்.

அதற்குப் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனில் அவன் இரண்டு பேரோடு பகிர்ந்திருந்த அப்பார்ட்மென்ற்றில் சனிக்கிழமைகளில் ஆட்கள் கூடினார்கள். அவன் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. போனார்கள். இருபதைத் தாண்டியிருந்த என் வகுப்பு பதினொன்றானது, பிறகு ஏழு. போட்டோக் கொப்பி மீந்தது. ஒருநாள் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “நான் இந்தக் கிழமை அங்கை போகட்டோ?”

“போறதெண்டால் போம்.”

“கோவமோ?”

“எனக்கென்ன கோவம்?”

முதலில் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் போனாள். மார்ச் மாதம் தொடங்கியபோது ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். முன்வரிசை மூலைக் கதிரையை நான் விரிக்காமல் விட்டேன்.

மார்ச் நடுப்பகுதியில் கொண்டக்டரின் வழக்கறிஞரிடமிருந்து சபைச் செயலாளருக்கு, அதாவது எனக்கு, ஒரு கடிதம் வந்தது. அப்போதுதான் அவனுடைய கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. முகாமில் இருந்தபோது அவன் பின்னேரங்களில் ஆட்களைக் கூட்டி ஜெபம் நடத்தியிருக்கிறான். என்ன கூட்டம், யாருக்காகக் கூட்டம் என்று கேட்டு இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் அடித்திருக்கிறது. இரண்டாம் முறை தேடி வந்தபோது தப்பி ஓடியிருக்கிறான். அகதி விசாரணையில் அவன் உண்மையிலேயே ஜெபம் நடத்தும் ஆளா என்று கேட்பார்கள். முகாமிலிருந்து சாட்சிக்கு ஒருவரும் இல்லை. இங்குள்ள சபை, அவன் இங்கேயும் அப்படிச் செய்கிறான் என்று எழுதித் தந்தால் உதவியாக இருக்கும் என்று வழக்கறிஞர் கேட்டிருந்தார்.

நான் மேசையில் இருந்து, நல்ல ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில் எழுதினேன். இவரை எனக்குச் சில மாதங்களாகத் தெரியும். எமது வேதவகுப்புக்கு வந்திருக்கிறார். ஞாயிறு ஆராதனைகளில் கலந்துகொள்வதில்லை. எமது சபையில் எந்தப் பொறுப்பும் வகிக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட போதனையாளர் அல்லர்.

மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். உறையில் போடுவதற்கு முன் எடுத்து வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

“இதிலை ஒரு பொய்யும் இல்லை” என்றாள்.

“இல்லைத்தானே.”

“அதுதான் பயமாயிருக்கு.”

“நான் சத்தியத்துக்கு மாறா எழுதமாட்டன்” என்றேன்.

அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள். “அண்டைக்கு நான் என்ன சொன்னனான் எண்டு கேட்டனீங்கள். ஆரோடை இருந்து சாப்பிட மனம் வராது எண்டு அவர் கேட்க, எனக்கு ஆரோடையும் இருந்து சாப்பிடக் கிடைக்கிறேல்லை எண்டு சொன்னனான். நீங்கள் இந்த மேசையிலை குறிப்பு எழுதுவியள். நான் குசினியிலை நிண்டு சாப்பிடுவன். அஞ்சு வருசமா அப்பிடித்தான்.”

அவள் சொன்னது மனதில் பட்டது என்று சொன்னால் என்னை நல்லவனாகக் காட்டுவதாகிவிடும். அப்போது எனக்குப் பட்டதெல்லாம், இதையும் அவனிடம்தானே முதலில் சொன்னாள் என்பதுதான். கடிதத்தை அடுத்த நாள் தபாலில் போட்டேன்.

ஏப்ரலில் பனி உருகி நடைபாதையெல்லாம் சேறாக இருந்த ஒரு சனிக்கிழமை, என் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களும் நேரத்தோடு எழுந்து போய்விட்டார்கள். நான் கதிரைகளைச் சாத்திவிட்டு மெட்ரோ ஏறினேன். பார்க் எக்ஸ்ரென்ஷனில் இறங்கி, அந்தக் கட்டடத்தைக் கேட்டுக் கேட்டுப் போனேன். எதற்குப் போனேன் என்று என்னிடம் காரணம் இருந்தது. சின்னக் கொப்பி சட்டைப் பையில் இருந்தது.

இரண்டாம் மாடியில் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் சப்பாத்துகள், ஈரச் சேற்றோடு, நடைவழி மட்டும் பரவியிருந்தன. மனைவியின் பழுப்பு நிறச் சப்பாத்தும் அவற்றுக்குள் கிடந்தது. உள்ளே பருப்புக் கொதிக்கும் மணம். குடித்துவிட்டு வந்தார் என்று போன வருடம் நான் வகுப்பிலிருந்து அனுப்பிய ஒருவர், சுவரோடு சாய்ந்து ஒரு குழந்தையை மடியில் வைத்திருந்தார். சைவக் குடும்பங்கள் இரண்டும் இருந்தன. நான் கதவுக்கு வெளியே, யாருக்கும் தெரியாமல், சப்பாத்துகளுக்கு நடுவே நின்றேன்.

கொண்டக்டர் சூம்பின கைக்காரனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஓய்வுநாளில் இயேசு அவனைக் குணமாக்குவாரோ என்று பரிசேயர் நோட்டம் பார்த்துக்கொண்டிருந்த இடம்.

“பரிசேயர் கெட்ட ஆக்கள் எண்டு லேசாச் சொல்லாதேங்கோ” என்றான். “கிழமையிலை ரண்டு நாள் பட்டினி கிடந்தவை. வேதத்தை நெஞ்சிலை வைச்சிருந்தவை. அவை இல்லாட்டி அந்தச் சனத்துக்கு வேதமே மிஞ்சியிராது. ஆரும் அவைக்கு ஒரு பிழையும் செய்யேல்லை. ஒருநாள் பாக்கினம், சனமெல்லாம் ஒரு தச்சனுக்குப் பின்னாலை போகுது. அவன் அவையின்ரை பள்ளிக்கூடத்திலை படிக்கவும் இல்லை. வருசக்கணக்கா மினைக்கெட்டுப் படிச்சவைக்கு அது எப்பிடி இருந்திருக்கும்? நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ.”

யாரோ, “பொறாமைதான்” என்றார்கள்.

“பொறாமைதான். ஆனா அது ஒரு நோவு எல்லோ. அண்டைக்கு இயேசு அவையைச் சுத்திப் பாத்தவராம். கோவமும் வந்ததாம், துக்கமும் வந்ததாம். துக்கம் ஆருக்காக? கை சூம்பினவனுக்காக இல்லை. அவன்தான் சுகமாகப் போறானே. பாத்துக்கொண்டிருந்தவைக்காகத்தான்.”

அவனுக்கு நான் வெளியே நிற்பது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டான் என்பது எனக்கு நிச்சயம். என் கடிதத்தில் என்ன இருந்தது என்றும் அப்போது அவனுக்குத் தெரியாது. பெட்டி அடுக்கும்போது மேல்தட்டுப் பெட்டி ஒன்று ஒருமுறை என் நெஞ்சில் விழுந்திருக்கிறது. அதே இடத்தில் அதே மாதிரி அடைத்தது.

ஒரு குழந்தை வெளியே வந்து என்னைக் கண்டுவிட்டது. “மாஸ்டர் வந்திருக்கிறார், இடம் விடுங்கோ” என்று சத்தம். அந்த அறையில் இருந்த ஒரேயொரு கதிரையிலிருந்து ஒருவர் எழும்பினார். மனைவி என்னைப் பார்த்து வெங்காயம் வெட்டிய கையைச் சேலையில் துடைத்தாள்.

“மாஸ்டர், ஏதாவது சொல்லுங்கோ” என்றான் கொண்டக்டர்.

நான் சொன்னேன். “நீர் வீடு எண்டு சொன்னீர் போலை கேட்டுது. அது வீட்டிலை நடக்கேல்லை. ஜெப ஆலயத்திலை.”

அவன் வீடு என்று சொல்லவே இல்லை. அது எனக்கும் தெரியும், அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

“ஓம் மாஸ்டர்” என்றான். “ஜெப ஆலயத்திலைதான்.”

சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். மனைவியும் நானும் பஸ்ஸில் வந்தோம். எங்கள் தரிப்பிடம் வரும்போது அவள் சொன்னாள்: “வழக்கு மே மாசமாம்.”

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், வெயர்ஹவுசுக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து வழக்கறிஞரைக் கூப்பிட்டேன். என் கடிதம் முழுமையானதல்ல, வேறொன்று எழுதுகிறேன் என்றேன். அவர் சலிப்போடு பேசினார். கடிதம் மற்றக் காகிதங்களோடு தவறுதலாக விசாரணைக் கோப்பில் போய்விட்டது என்றும், அது தங்களுக்கு நன்மையைவிடத் தீமையே செய்யும் என்றும், இனி நான் நேரில் வந்து சாட்சி சொன்னால்தான் சரிப்படுத்தலாம் என்றும் சொன்னார். வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு இரண்டு மூன்று நாள், எப்படியாவது வராமல் இருக்க ஒரு வழி கிடைக்குமா என்றும் யோசித்தேன்.

விசாரணை நகர மையத்தில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் நடந்தது. யன்னல் இல்லாத சின்ன அறை. நீள மேசை, ஒலிப்பதிவுக் கருவி, தண்ணீர்க் கூசா. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணியும் வயதான ஒருவரும் விசாரித்தார்கள். கொண்டக்டர் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் இருந்தான், தோள் இரண்டும் கீழே வழிந்தன. அவன் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் வேதத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

கண்ணாடி போட்ட பெண்மணி என் கடிதத்தைக் கையில் எடுத்தார். ஆங்கிலத்தில்தான் கேட்டார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆம்.”

“இவர் போதனையாளர் அல்லர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இவர் தான் ஜெபம் நடத்தும் ஆள் என்கிறார். எது சரி?”

“அவர் சொல்வது சரி. எங்கள் வகுப்பிலும் நடத்தினார். இப்போது தன் வீட்டில் நடத்துகிறார். முப்பது பேர் வருகிறார்கள். நானே பார்த்தேன்.”

“அப்படியென்றால் ஏன் இப்படி எழுதினீர்கள்?”

“சபையில் அவர் படிப்பிப்பதை நிறுத்திவிட்டோம்.”

“யார் நிறுத்தியது?”

“குழு. நான்தான் முன்மொழிந்தேன். ஞாயிறு ஆராதனைக்கு வராதவர் படிப்பிக்கக் கூடாது என்பது விதி.”

அவர் குறித்துக்கொண்டார். அத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், விட்டுவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

“அந்த விதி எப்போதிருந்து இருக்கிறது?”

“பெப்ரவரியிலிருந்து.”

“இந்த வருடம் பெப்ரவரியா?”

“ஆம்.”

“இவரைத் தவிர வேறு யாருக்காவது அந்த விதி பயன்பட்டதா?”

“இல்லை.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள். இவர் ஏதாவது தவறு செய்தாரா? பொய் சொன்னாரா?”

“இல்லை. ஒன்றும் செய்யவில்லை. ஆட்கள் அவரிடம் போனார்கள். என் மனைவியும் போனாள். எனக்குப் பொறாமை.”

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எனக்குச் சுலபமாகத்தான் வந்தது. வேறொருவரின் சொல் மாதிரி. ஆனால் அடுத்த கணம் மொழிபெயர்ப்பாளர் கொண்டக்டரின் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “அவருக்குப் பொறாமையாம்.”

தமிழில் கேட்டபோது எனக்கு முகம் முழுக்கச் சுட்டது. கொண்டக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

வெளியே லிஃப்ட்டுக்குக் காத்திருந்தபோது நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். மன்னிப்புக் கேட்க வாக்கியம் தேடினேன். அவன்தான் முதலில் பேசினான்.

“முந்தியே சொல்லியிருக்கலாம் மாஸ்டர். அந்தக் கடிதத்தாலை நான் ஒரு மாசம் நித்திரை கொள்ளேல்லை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு லோயர் சொன்னவர்.”

“ஓம். பிழைதான்” என்றேன்.

“பிழைதான்” என்றான் அவனும். லிஃப்ட் வந்தது. மெட்ரோவில் அவன் ஒரு பக்கம் போனான், நான் ஒரு பக்கம் போனேன். பரிசேயருக்காகத் துக்கப்பட்டவன் எனக்காகவும் அப்படி ஏதாவது சொல்லுவான் என்று நான் உள்ளூர எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவன் தன் உயிருக்குப் பயந்து ஒரு மாதம் இருந்தவன். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.

ஜூலையில் அவனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். எல்லாருக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான், எங்கள் வீட்டுக்கும் எடுத்திருக்கிறான், மனைவியிடம். அடுத்த குழுக் கூட்டத்தில் நான் அந்த விதியை நீக்கும்படி பிரேரித்தேன். தபாலதிபர் என்னை ஒன்றும் கேட்காமல், “நல்லது” என்று எழுதிக்கொண்டார். போய் அவனைக் கூப்பிட்டேன். “பேந்து பாப்பம் மாஸ்டர்” என்றான். அவன் அந்த பேஸ்மென்றுக்குத் திரும்பி வரவில்லை. நான் இரண்டு மூன்று சனிக்கிழமை பார்க் எக்ஸ்ரென்ஷனுக்குப் போனேன். ஒரு மூலையில் இருந்து கேட்டேன். கொப்பியைக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் பிழைகள் தாமாகக் காதில் விழுந்தன.

அடுத்த வருடம் அவன் மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அவனைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் என் வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள். பத்துப் பேர், பன்னிரண்டு பேர். நான் விரும்பியது கிடைத்தது. இப்போது நான் பாடத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ஆட்களைப் பேசவிட்டேன். முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு, குடித்துவிட்டு வந்தார் என்று நான் அனுப்பிய அந்த மனிதர் பேசத் தொடங்கினார். அவர் பேச்சு சில நாள் எனக்குப் பிடித்தது, சில நாள் எரிச்சல் தந்தது.

பொறாமை போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள், அவன் பேசும் இடத்தில் மண்டபம் கொள்ளாத சனம் என்று சொல்லும்போது எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அதற்குப் பிறகுதான் அவன் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் வீட்டுக்குள் வரும்போது குசினியில் அவன் குரல் கேட்டது. யாரோ அவன் பேசியதைக் கசற்றில் பதிந்து மனைவிக்கு அனுப்பியிருந்தார்கள். புதிய திராட்சை இரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றினால் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கசற்றுக்குள்ளே சனம் சிரித்தது, மனைவியும் கீரை ஆய்ந்துகொண்டு சிரித்தாள். தோற்பை எப்படிச் செய்வார்கள் என்பதை அவன் பிழையாகச் சொன்னான். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கீரையில் பாதியை என் பக்கம் எடுத்தேன். கசற் கிளிக்கென்று நின்றது. மனைவி அதை வெளியே எடுக்கப் போனாள்.

“மற்றப் பக்கத்தையும் போடுமன்” என்றேன்.